கன்னியாகுமரி மாவட்டமும் சட்டமன்றமும்

கன்னியாகுமரி மாவட்ட மக்கள் தமிழ்நாடு சட்டமன்றப் பேரவைக்கு ஆறு உறுப்பினர்களைத் தேர்ந்தெடுத்து அனுப்புகின்றனர். பேரவையின் 234 தொகுதிகளில் 229 முதல் 234 வரையிலான கடைசி ஆறு எண்கள் இம்மாவட்டத்துக்கு உரியவை. பேரவை கூடும் புனித ஜார்ஜ் கோட்டை நாகர்கோவிலில் இருந்து ஏறத்தாழ 700 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. ஓர் ஊரின் குறை அவ்வளவு தூரம் சென்று சட்டமாகவோ, நிதி ஒதுக்கீடாகவோ, அமைச்சரின் பதிலாகவோ திரும்பி வருவதற்கான வழியே சட்டமன்ற உறுப்பினர்.

மாநிலச் சட்டமன்றம் மக்களுக்கு என்ன செய்கிறது என்பதை விளக்க இம்மாவட்டம் பொருத்தமான எடுத்துக்காட்டு. 1888 முதல் இன்றுவரை இப்பகுதி திருவிதாங்கூர், திருவிதாங்கூர்-கொச்சி, சென்னை (இன்றைய தமிழ்நாடு) என மூன்று சட்டமன்றங்களின் கீழ் இருந்துள்ளது. எந்தச் சட்டமன்றத்தின் கீழ் வாழ்வது என்பதற்காகவே இங்குள்ள மக்கள் போராடி, உயிரும் கொடுத்துள்ளனர்.

நாஞ்சில் நாடு என்பது முறையாகத் தோவாளை, அகத்தீஸ்வரம் ஆகிய இரு வட்டங்களைக் குறிக்கும். கல்குளம், விளவங்கோடு ஆகிய மேற்கு வட்டங்களும் சேர்ந்ததே 1956இல் உருவான கன்னியாகுமரி மாவட்டம்.

சட்டமன்றம் இல்லாத காலம்

சட்டமன்றம் ஏற்படுவதற்கு முன் திருவிதாங்கூரில் மன்னரின் ஆணையே சட்டம். குறையுள்ளவர்கள் அரண்மனைக்கோ திவானுக்கோ மனு கொடுக்கலாம். மனுவுக்குப் பதில் சொல்லியே ஆகவேண்டும் என்ற கடமை யாருக்கும் இல்லை.

தோள்சீலைப் போராட்டம் இதற்குச் சான்று. மேலாடை அணியும் உரிமைக்காக நாடார் சமூகப் பெண்கள் பல பத்தாண்டுகள் போராட வேண்டியிருந்தது. கலவரங்கள் நடந்தன, வீடுகளும் பள்ளிகளும் தாக்கப்பட்டன. சென்னை ஆளுநரின் அழுத்தத்துக்குப் பின்னர் 1859இல் மன்னர் பிரகடனம் வெளியிட்டார். அந்தப் பிரகடனமும் முழு உரிமையைத் தரவில்லை. மேல்சாதிப் பெண்கள் அணிவதைப் போல அணியக்கூடாது என்ற கட்டுப்பாட்டை வைத்திருந்தது. பாதிக்கப்பட்டவர்களின் சார்பில் கேள்வி கேட்க ஓர் அவையோ, பேச ஓர் உறுப்பினரோ அப்போது இல்லை.

திருவிதாங்கூர் சட்டசபைகள்

1888இல் மன்னர் ஸ்ரீமூலம் திருநாள் எட்டு உறுப்பினர்களைக் கொண்ட சட்டமியற்றும் அவை ஒன்றை அமைத்தார். இந்திய மன்னராட்சி நாடுகளில் இத்தகைய அவை ஏற்பட்டது இதுவே முதல் முறை. எட்டுப் பேரும் நியமிக்கப்பட்டவர்கள். பெரும்பான்மையோர் அரசு அதிகாரிகள்.

1904இல் ஸ்ரீமூலம் பிரஜா சபை தொடங்கப்பட்டது. நிலவரி செலுத்தும் நிலக்காரர்களும் வணிகர்களும் வட்டம்தோறும் பிரதிநிதிகளாக இதில் இடம்பெற்றனர். ஆண்டுக்கு ஒருமுறை கூடித் தங்கள் பகுதியின் குறைகளைத் திவானிடம் எடுத்துச் சொல்வதே அவர்கள் வேலை. சட்டம் இயற்றும் அதிகாரம் அவர்களுக்கு இல்லை. எனினும் நாட்டின் பல பகுதிகளில் இருந்து வந்தவர்கள் ஒரே இடத்தில் அரசின் முகத்துக்கு நேரே குறை சொன்னது புதிய பழக்கம். இன்றைய பேரவையின் கேள்வி நேரத்துக்கு இதை ஒரு முன்னோடி எனலாம்.

1930களின் தொடக்கத்தில் கீழவை, மேலவை என இரு அவைகள் ஏற்பட்டன. அப்போதும் வாக்குரிமை சொத்தும் வரியும் உள்ளவர்களுக்கே இருந்தது. ஈழவர், கிறித்தவர், இசுலாமியர் ஆகியோர் தங்களுக்கு உரிய பிரதிநிதித்துவம் இல்லை என்று தேர்தலைப் புறக்கணித்து நிவர்த்தனக் கிளர்ச்சி நடத்தினர்.

ஒரு சட்டம் குடும்பத்தை மாற்றிய கதை

சட்டமன்றம் என்பது தொலைவில் உள்ள அரசியல் மேடை என்று எண்ணுபவர்களுக்கு நாஞ்சில் நாட்டு மருமக்கள் வழி நல்ல பாடம். நாஞ்சில் நாட்டு வேளாளரிடையே ஒருவரின் சொத்து அவர் மக்களுக்குச் செல்லாமல், சகோதரியின் மக்களாகிய மருமக்களுக்குச் செல்லும் முறை இருந்தது. குடும்பச் சொத்து காரணவர் எனப்படும் மூத்த ஆணின் கையில் இருக்கும். கணவர் இறந்தால் மனைவியும் மக்களும் உகந்துடைமை என்ற சிறு பங்கை நம்பி நிற்க வேண்டும். அதற்கும் வழக்குமன்றம் ஏற வேண்டிவரும். வழக்குச் செலவில் அழிந்த குடும்பங்கள் பல.

தேரூரில் பிறந்த கவிமணி தேசிக விநாயகம் பிள்ளை இந்த முறையின் கொடுமையை ‘நாஞ்சில் நாட்டு மருமக்கள் வழி மான்மியம்’ என்னும் நூலில் அங்கதமாகப் பாடினார். சமூகத்துக்குள் கூட்டங்கள் நடந்தன, மனுக்கள் போயின, எதிர்ப்பும் இருந்தது. கொல்லம் ஆண்டு 1101இல், அதாவது 1926இல், திருவிதாங்கூரில் நாஞ்சில் நாட்டு வேளாளர் சட்டம் நிறைவேறியது. மனைவி மக்களின் வாரிசு உரிமைக்கும், குடும்பச் சொத்தைப் பாகம் பிரிப்பதற்கும் இச்சட்டம் வழி செய்தது.

இந்த நிகழ்வில் ஒரு முறை தெரிகிறது. வீட்டுக்குள் இருந்த துன்பம் முதலில் பொதுப் பேச்சானது, பிறகு மனுவானது, அதன் பிறகே சட்டமானது. கவிதை மனத்தை மாற்றியது. ஆனால் கைம்பெண் தன் பங்கை உரிமையாகக் கேட்கச் சட்டம் தேவைப்பட்டது.

எல்லோருக்கும் வாக்கு

1948இல் திருவிதாங்கூரில் வயது வந்தோர் அனைவருக்கும் வாக்குரிமை வழங்கித் தேர்தல் நடத்தப்பட்டது. சொத்தில்லாதவரும் பெண்களும் இப்போது வாக்காளர்கள். தமிழர் வாழும் வட்டங்களைத் தாய்த் தமிழகத்துடன் இணைக்க வேண்டும் என்ற கோரிக்கையை முன்வைத்த திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் இத்தேர்தலில் 14 இடங்களில் வென்றது. இயக்கத்தை வழிநடத்தியவர் மார்ஷல் நேசமணி என்று மக்கள் அழைத்த ஏ. நேசமணி. 1949இல் திருவிதாங்கூரும் கொச்சியும் ஒரே மாநிலமாக இணைந்தன.

கோரிக்கையின் மையம் மொழி. அலுவலகத்தின் மொழி, பள்ளியின் மொழி, சட்டமன்றத்தின் மொழி ஆகியவை தம் மொழியாக இல்லாதபோது, ஓர் எளிய உழவர் தன் நிலத்துக்கான தாளைக்கூடப் பிறரிடம் கொடுத்து வாசிக்கச் சொல்ல வேண்டியிருக்கும்.

ஒரு சட்டமன்றத்தில் சிறு எண்ணிக்கைக்கும் எவ்வளவு வலிமை உண்டு என்பதை இந்தக் காலம் காட்டியது. 1952 தேர்தலில் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரசுக்குக் கிடைத்தவை 8 இடங்கள்தாம். ஆனால் ஏ. ஜே. ஜான் தலைமையிலான அமைச்சரவை அந்த எட்டுப் பேரின் ஆதரவையும் நம்பியிருந்தது. 1953இல் அவர்கள் ஆதரவை விலக்கியதும் அமைச்சரவை கவிழ்ந்தது. அடுத்து 1954இல் நடந்த தேர்தலில் இக்கட்சி 12 இடங்களைப் பெற்றது.

அதே ஆண்டு ஆகஸ்ட் 11 அன்று மார்த்தாண்டம், புதுக்கடை ஆகிய இடங்களில் போராட்டக்காரர்கள் மீது காவல்துறை துப்பாக்கிச் சூடு நடத்தியது. பலர் உயிரிழந்தனர். அப்போது முதலமைச்சராக இருந்தவர் பிரஜா சோஷலிஸ்ட் கட்சியின் பட்டம் தாணுபிள்ளை. அவர் பதவி விலக வேண்டும் என்று அதே கட்சியின் அகில இந்தியத் தலைவர்களுள் ஒருவரான ராம் மனோகர் லோகியாவே கோரினார்.

மாநில மறுசீரமைப்புச் சட்டத்தின்படி 1956 நவம்பர் 1 அன்று அகத்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்கள் கன்னியாகுமரி மாவட்டமாகச் சென்னை மாநிலத்துடன் இணைந்தன. செங்கோட்டை திருநெல்வேலி மாவட்டத்தில் சேர்ந்தது. தேவிகுளம், பீர்மேடு ஆகியவை கேரளத்தில் நின்றன.

இணைப்புக்கு முன்பே நாஞ்சில் நாட்டைச் சேர்ந்த ஒருவர் சென்னைச் சட்டமன்றத்தில் இருந்தார். பூதப்பாண்டியில் பிறந்த ப. ஜீவானந்தம் 1952இல் சென்னை வண்ணாரப்பேட்டையில் இருந்து தேர்ந்தெடுக்கப்பட்டவர். தமிழ் ஆட்சிமொழியாகவும் பயிற்றுமொழியாகவும் வேண்டும் என்று குரல் கொடுத்த அவருடைய சொந்த ஊர் அப்போது வேறு மாநிலத்தில் இருந்தது. தமிழை ஆட்சிமொழியாக்கும் சட்டமும் 1956ஆம் ஆண்டுக்கு உரியதே.

‘மாற்றப்பட்ட நிலப்பகுதி’ச் சட்டங்கள்

மாவட்டம் இணைந்த நாளில் எல்லாம் மாறிவிடவில்லை. நிலம், கோயில், வரி ஆகியவற்றில் திருவிதாங்கூர்ச் சட்டங்களே நீடித்தன. எனவே சென்னைச் சட்டமன்றம் இப்பகுதிக்கென்றே பல சட்டங்களை இயற்ற வேண்டியிருந்தது. அவற்றில் கன்னியாகுமரி மாவட்டமும் செங்கோட்டை வட்டமும் சேர்த்து ‘மாற்றப்பட்ட நிலப்பகுதி’ என்று குறிப்பிடப்படுகின்றன.

1957இல் சென்னை மாநிலச் சட்டங்களை இங்கு நீட்டிக்கும் சட்டம் வந்தது. 1959இல் இப்பகுதியின் தேவஸ்வங்களுக்குத் தனிச் சட்டம் வந்தது. 1964இல் நிலம் தொடர்பான சட்டங்கள் வந்தன. ஒன்று இரயத்துவாரி நிலவரித் திட்டம் பற்றியது. மற்றொன்று ஜன்மிக்குக் குடியானவர் செலுத்திவந்த ஜன்மிகரம் என்ற கட்டணத்தை ஒழித்தது. இன்னொன்று திருவனந்தபுரம் பத்மநாபசுவாமி கோயிலுக்கு உரிய ஸ்ரீபண்டாரவக நிலங்களை இரயத்துவாரி நிலங்களாக மாற்றியது. ஒரு குடியானவர் தன் நிலத்துக்கு யாரிடம் வரி கட்டுவது, யாரிடம் உரிமை கேட்பது என்பதை இந்தச் சட்டங்களே முடிவு செய்தன.

1957 தேர்தலில் குளச்சலில் இருந்து தேர்ந்தெடுக்கப்பட்ட லூர்தம்மாள் சைமன் காமராசர் அமைச்சரவையில் உள்ளாட்சித் துறை அமைச்சரானார். 1958ஆம் ஆண்டின் சென்னை ஊராட்சிகள் சட்டம் அவர் அமைச்சராக இருந்த காலத்தில் வந்தது. புதிதாக வந்து சேர்ந்த மாவட்டத்தின் பெண் உறுப்பினர் ஒருவர், மாநிலம் முழுவதற்குமான உள்ளாட்சிப் பொறுப்பை ஏற்றது குறிப்பிடத்தக்கது.

ஆறு தொகுதிகள்

மாவட்டத்தின் இன்றைய சட்டமன்றத் தொகுதிகள்:

229 – கன்னியாகுமரி
230 – நாகர்கோவில்
231 – குளச்சல்
232 – பத்மநாபபுரம்
233 – விளவங்கோடு
234 – கிள்ளியூர்

2008 தொகுதி மறுவரையறைக்கு முன் திருவட்டாறும் சேர்த்து ஏழு தொகுதிகள் இருந்தன. 2011 கணக்கெடுப்பின்படி மாவட்டத்தின் மக்கள்தொகை 18,70,374. சராசரியாக ஓர் உறுப்பினருக்கு மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள். இந்த ஆறு தொகுதிகளும் சேர்ந்ததே கன்னியாகுமரி மக்களவைத் தொகுதி.

பேரவையின் காலம் ஐந்து ஆண்டுகள். 25 வயது நிறைந்த இந்தியக் குடிமக்கள் உறுப்பினராகப் போட்டியிடலாம். இடையில் ஓர் இடம் காலியானால் பொதுவாக ஆறு மாதத்துக்குள் இடைத்தேர்தல் நடத்த வேண்டும். 2024 பிப்ரவரியில் விளவங்கோடு உறுப்பினர் பதவி விலகியபோது, ஏப்ரல் 19 அன்று மக்களவைத் தேர்தலுடன் சேர்த்து அங்கு இடைத்தேர்தல் நடந்தது. தமிழ்நாட்டில் மேலவை 1986இல் நீக்கப்பட்டதால் பேரவை ஒன்றே மாநிலத்தின் சட்டமன்றம்.

பேரவையில் உறுப்பினரின் பணிகள்

சட்டமியற்றல்: அரசு கொண்டுவரும் சட்டமுன்வடிவை ஆராய்ந்து, திருத்தம் கூறி, வாக்களிப்பது உறுப்பினரின் முதற்பணி. பேரவையில் நிறைவேறிய முன்வடிவு ஆளுநரின் ஒப்புதல் பெற்று அரசிதழில் வெளியானதும் சட்டமாகிறது. நாகர்கோவில் 2019இல் மாநகராட்சியாக உயர்ந்ததும் இத்தகைய சட்டத்தின் வழியேதான்.

நிதி: பேரவையின் ஒப்புதல் இன்றி மாநிலத்தின் தொகுநிதியில் இருந்து ஒரு ரூபாயும் எடுக்க முடியாது. நிதிநிலை அறிக்கைக்குப் பின் ஒவ்வொரு துறையின் மானியக் கோரிக்கையும் தனித்தனியே விவாதத்துக்கு வரும். தொகுதியின் தேவைகளைத் துறை அமைச்சரின் முன் வைக்க உறுப்பினருக்குக் கிடைக்கும் சிறந்த வாய்ப்பு இது. செலவைக் குறைகூற விரும்பும் உறுப்பினர் வெட்டுத் தீர்மானம் கொடுக்கலாம்.

வினா: பேரவை நாளின் தொடக்கத்தில் கேள்வி நேரம் அமைகிறது. நட்சத்திரக் குறியிட்ட வினாவுக்கு அமைச்சர் வாய்மொழியாகப் பதில் தருவார். அதன் மீது துணை வினாவும் கேட்கலாம். குறியிடாத வினாவுக்கு எழுத்தில் பதில் வரும். அவசரப் பொதுப் பிரச்சினைக்குக் கவன ஈர்ப்புத் தீர்மானம் உண்டு.

குழுக்கள்: பேரவை கூடாத நாட்களிலும் குழுக்கள் வேலை செய்கின்றன. பொதுக் கணக்குக் குழு தணிக்கை அறிக்கைகளை ஆராய்கிறது. மதிப்பீட்டுக் குழு ஒதுக்கிய பணம் எப்படிச் செலவாகிறது என்று பார்க்கிறது. அரசு உறுதிமொழிக் குழு, அமைச்சர்கள் அவையில் தந்த வாக்குறுதிகள் நிறைவேறினவா என்று கேட்கிறது. மனுக்கள் குழு பொதுமக்களின் மனுக்களை விசாரிக்கிறது.

பேச்சுரிமை: அவையில் பேசியதற்காகவோ வாக்களித்ததற்காகவோ உறுப்பினர் மீது எந்த நீதிமன்றத்திலும் வழக்குத் தொடர முடியாது என்று அரசியலமைப்பின் 194ஆம் பிரிவு கூறுகிறது. இது உறுப்பினரின் தனிச் சலுகையாகத் தோன்றலாம். உண்மையில் அவரை அனுப்பிய மக்களின் குறை அச்சமின்றிச் சொல்லப்படுவதற்கான காப்பு.

ஒரு கால்வாயும் அதன் வழியும்

மேலே கூறியவை எப்படி ஒன்றுசேர்ந்து இயங்குகின்றன என்பதை ஒரு கால்வாயைக் கொண்டு காணலாம். நாஞ்சில் நாட்டு வயல்களுக்கு நீர் தருவது கோதையாறு பாசனத் திட்டம். அதன் தலையாய அணையான பேச்சிப்பாறை 1906இல் கட்டி முடிக்கப்பட்டது. கன்னிப்பூ சாகுபடிக்காக அணைகள் வழக்கமாக ஜூன் தொடக்கத்தில் திறக்கப்படும். தோவாளைக் கால்வாய், அனந்தனாறு, நாஞ்சில் நாடு புத்தனாறு முதலியவை வழியாக நீர் பிரிந்து செல்லும். கால்வாய் தூர்ந்து கிடந்தால் தலைப்பகுதி வயலுக்கு நீர் கிடைத்தாலும் கடைவரம்பு வயல் காயும்.

கடைவரம்பில் உள்ள உழவர்கள் தங்கள் சட்டமன்ற உறுப்பினரிடம் மனு கொடுக்கிறார்கள் என்று கொள்வோம். அவர் முதலில் நீர்வளத் துறையின் செயற்பொறியாளருக்கு எழுதி மதிப்பீடு கேட்பார். நிதி இல்லை என்று பதில் வந்தால், அந்தக் கால்வாயின் பெயரைக் குறிப்பிட்டுப் பேரவையில் வினா கொடுப்பார். வினா ஏற்கப்பட்டதும் துறை பதில் தயாரித்தாக வேண்டும்; கோப்பு நகரத் தொடங்கும். மானியக் கோரிக்கை விவாதத்தில் மீண்டும் அதைப் பேசுவார். இந்த ஆண்டு பணி எடுத்துக்கொள்ளப்படும் என்று அமைச்சர் சொன்னால் அது அவைக்குறிப்பில் ஏறுகிறது. அரசு உறுதிமொழிக் குழு பின்னர் அதைக் கேட்க முடியும்.

இங்கு காலம் முக்கியம். ஜூனில் நீர் வரவேண்டும் என்றால் தூர்வாரும் பணி மே மாதத்துக்குள் முடிய வேண்டும். அதற்கான பணம் முந்தைய நிதிநிலை அறிக்கையிலேயே இடம்பெற வேண்டும். கால்வாயில் நீர் வராத பிறகு மறியல் செய்வதைவிட, நிதிநிலை அறிக்கைக்கு முன் மனு கொடுப்பது பயன் தரும்.

தொகுதி மேம்பாட்டு நிதி

சட்டமன்ற உறுப்பினர் தொகுதி மேம்பாட்டுத் திட்டத்தின் கீழ் ஒவ்வொரு தொகுதிக்கும் ஆண்டுக்கு 3 கோடி ரூபாய் ஒதுக்கப்படுகிறது. இந்தப் பணம் உறுப்பினரின் கைக்கு வருவதில்லை. அவர் பணிகளைப் பரிந்துரைப்பார். மாவட்ட ஆட்சியர் நிர்வாக அனுமதி தருவார். அரசுத் துறையோ உள்ளாட்சி அமைப்போ பணியைச் செய்யும். பள்ளி வகுப்பறை, அங்கன்வாடி, குடிநீர்த் தொட்டி, சிறு பாலம், பேருந்து நிழற்குடை போன்றவை இவ்வாறு அமைகின்றன.

மூன்று லட்சம் பேருக்கு 3 கோடி ரூபாய் என்றால் ஒருவருக்கு நூறு ரூபாய் அளவே. ஓர் உறுப்பினரை அவர் கட்டிய நிழற்குடைகளின் எண்ணிக்கையால் மட்டும் அளப்பது சரியாகாது. மாநிலத்தின் முழு நிதிநிலை அறிக்கையில் இருந்து தொகுதிக்கு உரியதைக் கேட்டுப் பெறுவதே பெரிய பணி. 2022 ஆகஸ்டில் முதலமைச்சர் மு. க. ஸ்டாலின் 234 உறுப்பினர்களுக்கும் எழுதி, தொகுதியில் நீண்டநாள் நிறைவேறாத பத்து முக்கியக் கோரிக்கைகளை ஆட்சியரிடம் தருமாறு கேட்டார். ஆளுங்கட்சி, எதிர்க்கட்சி வேறுபாடு இன்றி அனைவரிடமும் கேட்கப்பட்ட பட்டியல் அது.

எந்தக் குறை யாரிடம்?

குறை தீராமல் போவதற்குப் பல நேரங்களில் காரணம், அது உரிய இடத்துக்குச் செல்லாததே.

• தெருவிளக்கு, குப்பை, வார்டுச் சாலை, வடிகால், ஊர்க் குடிநீர்: ஊராட்சி, பேரூராட்சி, நகராட்சி, மாநகராட்சி உறுப்பினர்.
• பட்டா, சாதிச் சான்றிதழ், முதியோர் ஓய்வூதியம்: வட்டாட்சியர் அலுவலகம், தாமதமானால் ஆட்சியரின் மக்கள் குறைதீர்க்கும் நாள்.
• பாசனக் கால்வாய், அரசு மருத்துவமனை, அரசுப் பள்ளி, அரசுப் பேருந்து, மாநில நெடுஞ்சாலை, மீன்பிடி இறங்குதளம், கடலரிப்பைத் தடுக்கும் தூண்டில் வளைவு: மாநில அரசு, எனவே சட்டமன்ற உறுப்பினர்.
• ரயில், தேசிய நெடுஞ்சாலை, கடலோரக் காவல்படை: மத்திய அரசு, எனவே மக்களவை உறுப்பினர்.

நாகர்கோவில் ரயில் நிலையம் திருவனந்தபுரம் கோட்டத்தின் கீழ் இருப்பது பற்றிய நெடுநாள் முறையீடு கடைசி வகையைச் சேர்ந்தது. அதைச் சட்டமன்ற உறுப்பினர் வலியுறுத்தலாம். முடிவு ரயில்வே அமைச்சகத்திடம் உள்ளது. வேலைக்கான பரிந்துரைக் கடிதம், காவல் நிலைய வழக்கில் தலையீடு, இடமாற்றம் ஆகியவற்றைக் கேட்டு உறுப்பினரின் அலுவலகத்துக்குப் பலர் வருவதுண்டு. இவை அவருடைய சட்டப்படியான பணிகள் அல்ல. அவருடைய கடிதத்துக்கு அங்கே சட்ட வலிமையும் இல்லை.

எல்லைகள்

சட்டமன்றத்தால் எல்லாவற்றையும் செய்துவிட முடியாது. மூன்று நிகழ்வுகள் இதை விளக்கும்.

முதலாவது, நெய்யாறு. விளவங்கோடு வட்டத்தின் வயல்களுக்குக் கேரளத்தில் உள்ள நெய்யாறு அணையில் இருந்து இடதுகரைக் கால்வாய் வழியாக நீர் வந்துகொண்டிருந்தது. 2004இல் அது நின்றது. இப்பகுதி உறுப்பினர்கள் பேரவையில் பேசலாம். ஆனால் தமிழ்நாட்டின் சட்டம் கேரளத்தின் அணையைத் திறக்காது. மாநில அரசுகளிடையே பேச்சுவார்த்தையும் நீதிமன்றமுமே வழி. 2012இல் தமிழ்நாடு அரசு உச்ச நீதிமன்றத்தை அணுகியது.

இரண்டாவது, ஒக்கி புயல். 2017 நவம்பர் 30 அன்று வீசிய புயலில் கடலுக்குச் சென்ற மீனவர்கள் பலர் திரும்பவில்லை. ஆழ்கடலில் தேடும் கப்பலும் விமானமும் மத்திய அரசின் கடற்படையிடமும் கடலோரக் காவல்படையிடமும் உள்ளன. நிவாரணம், பயிர்ச் சேதத்துக்கான இழப்பீடு, மின்கம்பம் நடுதல் ஆகியவை மாநில அரசின் பொறுப்பு. இரு அரசுகளின் பொறுப்பு கலந்திருக்கும் இடத்தில் மக்கள் இரண்டு வாசல்களையும் தட்ட வேண்டியுள்ளது.

மூன்றாவது, நீட் தேர்வு விலக்கு. 2021 செப்டம்பரில் பேரவை இதற்கான சட்டமுன்வடிவை நிறைவேற்றியது. ஆளுநர் திருப்பி அனுப்பினார். 2022 பிப்ரவரி 8 அன்று பேரவை மீண்டும் நிறைவேற்றியது. குடியரசுத் தலைவர் ஒப்புதல் மறுத்ததாக 2025 ஏப்ரலில் முதலமைச்சர் பேரவையில் அறிவித்தார். கல்வி பொதுப்பட்டியலில் உள்ளது. அப்பட்டியலில் மாநிலச் சட்டம் மத்தியச் சட்டத்துடன் முரண்பட்டால், குடியரசுத் தலைவரின் ஒப்புதல் இன்றி அது நடைமுறைக்கு வராது.

குடிமக்கள் செய்யக்கூடியவை

எழுத்தில் கேட்டல்: வாய்மொழியாகச் சொன்ன குறைக்குத் தடயம் இருக்காது. இடம், அளவு, துறை, பாதிக்கப்படுவோர் ஆகியவற்றைக் குறித்து எழுதி, நகல் வைத்துக்கொள்ள வேண்டும். உறுப்பினர் அதையே வினாவாக மாற்ற முடியும்.

மனுக்கள் குழு: பேரவையின் மனுக்கள் குழு மாவட்டங்களுக்கு வரும்போது ஆட்சியர் அலுவலகம் முன்கூட்டியே அறிவிப்பு வெளியிடும். பல ஆண்டுகளாகத் தீராத பொதுப் பிரச்சினையாக இருக்க வேண்டும். ஒரு மனுவில் ஒரு பிரச்சினை, அதுவும் ஒரு துறையைச் சார்ந்தது மட்டுமே இருக்க வேண்டும். தனிநபர் குறை, நீதிமன்றத்தில் உள்ள வழக்கு, வேலைவாய்ப்பு, ஓய்வூதியம், பட்டா, வங்கிக் கடன் ஆகியவற்றை இக்குழு ஏற்பதில்லை.

தகவல் உரிமை: தொகுதி நிதியில் என்ன பணி பரிந்துரைக்கப்பட்டது, எவ்வளவு செலவானது என்பதைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் 10 ரூபாய் கட்டணத்துடன் கேட்கலாம். 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும்.

அவை நடவடிக்கைகளைக் கவனித்தல்: நம் உறுப்பினர் எத்தனை வினாக்கள் கேட்டார், எந்த மானியக் கோரிக்கையில் பேசினார், எதற்கு வாக்களித்தார் என்பவை பேரவையின் பதிவுகளில் உள்ளன. திருமண வீட்டுக்கும் கோயில் கொடைக்கும் வந்தாரா என்பதுடன் இவற்றையும் கேட்கும் வாக்காளர் உள்ள தொகுதியில், உறுப்பினரும் பேரவைக்கு ஆயத்தமாகச் செல்ல வேண்டிவரும்.

1859இல் இம்மண்ணின் பெண்கள் ஓர் அடிப்படை உரிமையை மன்னரின் பிரகடனமாகவே பெற முடிந்தது. 1926இல் அது சட்டமாகக் கிடைத்தது; ஆனால் அந்தச் சட்டத்தால் பயன்பெற்ற கைம்பெண்களில் பெரும்பாலோருக்கு வாக்கு இல்லை. இன்று கிள்ளியூரில் உள்ள மீனவப் பெண்ணுக்கும் தோவாளையில் பூக்கட்டும் பெண்ணுக்கும் வாக்கு உண்டு. தங்கள் மொழியில் கேட்கவும் பதில் பெறவும் ஓர் அவை உண்டு. அதைப் பயன்படுத்துவது ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை வாக்களிப்பதோடு முடிந்துவிடுவதில்லை.